ஒற்றைக்கால் நிழல்

அத்தியாயம் 3

"ஷூவைக் கழட்டு" என்றார் மேடம்.

பாலத்தின் மேல் எங்களைத் தவிர யாரும் இல்லை. மத்தியான வெயில் ஈவிரக்கமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஆறு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது.

"மேடம், லீவு கேட்டேன்தான். அதுக்காக ஒரேயடியா போயிடற உத்தேசமெல்லாம் எனக்கு இல்ல."

"கழட்டு, வாயாடி."

வாயாடி என்பது நான்தான். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்தார்கள்; மேடம் அதைக் கேட்டதே இல்லை. அவரிடமிருந்து ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் எதிர்பார்க்க முடியாத நாள் அது. பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பாதி வாய் மரத்துப்போன கோலத்தில் நேராகப் பாலத்துக்கு வந்திருந்தார். இடது கன்னம் அவருடையதில்லை என்பது போல அதைத் தனியே தூக்கிக்கொண்டு நின்றார். முன்பு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். செத்துவிட்டதாகச் சொல்லப்படும் ஆட்கள் சாகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவர் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் கூடவே துணைக்கு உளறுகிறேன்.

ஷூவைக் கழற்றினேன். ஆற்றைப் பார்த்து நின்று, குதிக்கப் போகிறவன் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டையும் ஜோடியாக வைத்தேன். தார் உள்ளங்காலைச் சுட்டது. ஒரு காலைத் தூக்கினேன். அதை இறக்கி மறு காலைத் தூக்கினேன்.

மேடம் மரக்காத பாதியால் சிரித்தார். பிறகு கைப்பையிலிருந்து அந்தப் புகைப்படத்தை எடுத்து என் ஷூவுக்கு நேராகப் பிடித்தார்.

இந்த வழக்கில் எங்கள் கையில் இருந்த ஒரே துரும்பு அந்தப் படம்தான். கறுப்பு வெள்ளை. இதே பாலம், இதே கைப்பிடிச் சுவர். சுவரோரம் பஞ்சு பிதுங்கிய கை வைத்த நாற்காலி ஒன்று. பக்கத்தில் முன்பக்கக் கம்பி வலை போன ஒரு ஸ்டாண்ட் ஃபேன். நாற்காலியின் காலடியில் ஒரு பெட்டி. பெட்டிக்கு முன்னால் ஒரு ஜோடி ஷூ. மேலே கருகருவென்று வானம். 'கைவிடப்பட்டவை' என்று தலைப்பு. ஊர்ப் புகைப்படக் கழகத்தின் போட்டியில் முதல் பரிசு வாங்கி, நகர மண்டபத்து நடைபாதையில் மாட்டியிருந்தது.

அந்த மண்டபத்துத் திரைச்சீலைகளை வெளுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு சலவைக் கடைக்கார அம்மாள். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். கோடை தொடங்கிய சமயத்தில் ஒரு காலை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. திரைச்சீலை மூட்டையோடு நடைபாதையில் போன அம்மாள் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். படத்தில் இருந்தது அவர் வேலைக்கு எடுத்துப்போகும் பெட்டி; அதற்குப் பூட்டு கிடையாது; கடையில் துணி கட்டும் பட்டை நாடாவால் இவரே இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. ஷூ இவரே வாங்கிக் கொடுத்தது.

போலீசுக்குச் சொன்னார். போலீசிடம் ஏற்கனவே ஒரு உடம்பு இருந்தது. அவர் காணாமல் போன பத்தாம் நாள் பாலத்துக்குக் கீழே சற்றுத் தள்ளி ஒதுங்கிய ஆண் உடம்பு. முகம் அடையாளம் தெரியாது, காலில் செருப்பு ஷூ எதுவும் கிடையாது. இன்ஸ்பெக்டர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்திருக்கிறார், பிறகு யாரோ பெட்டியையும் ஷூவையும் தூக்கிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். நாளைக் காலை வந்து, இது என் கணவர்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உடம்பை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாள் எங்களிடம் வந்தபோது அழவில்லை. மின்சார பில் பற்றிக் கேட்பவர் மாதிரி கேட்டார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வேற யாராவது ஒரு தடவை பார்த்துட்டா நல்லதுன்னு தோணுச்சு. இருக்காரா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எதுன்னாலும் பரவாயில்ல."

எதுவானாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

"பாரு" என்றார் மேடம், படத்தைத் தட்டி.

பார்த்தேன். தரையில் என் ஷூவின் மூக்கு ஆற்றைப் பார்த்தது. படத்தில் அவருடைய ஷூவின் மூக்கு எங்களைப் பார்த்தது. லேஸ் இரண்டும் உள்ளே செருகி, கண்காட்சிக் கூடத்தில் வைத்த மாதிரி இருந்தது.

"திரும்பி நின்னு குதிச்சிருப்பாரோ?"

மேடம் படத்தில் லேஸைத் தொட்டுக் காட்டினார்.

"சாகப் போறவர் லேஸை உள்ள செருகி வெக்க மாட்டாரோ?"

"ம்."

"இப்ப நான் ஷூவைப் போட்டுக்கலாமா? ரெண்டு காலும் வெந்துடுச்சு."

"போட்டுக்கோ. வா."

"எங்க?"

"படத்தைத் திட்டினவங்ககிட்ட" என்றார் மேடம். அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

*

புகைப்படக் கழகம் ஒரு தையல் பயிற்சிப் பள்ளியின் மாடியில் இருந்தது. சாயங்காலம் தையல் மெஷின்கள் ஓய்ந்த பிறகு இவர்கள் கூடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் 'குறை நாள்'. ஒருவர் எடுத்த படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். மற்றவர்கள் முறை வைத்துக் குறை சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடிக்கும் வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு பதில் சொல்லலாம். அப்புறம் படத்தைத் திருத்திக்கொண்டு வர வேண்டும். என் கல்யாண வாழ்க்கையும் இதே விதிகளின்படிதான் நடக்கிறது என்று மேடத்தின் காதில் சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

நாங்கள் போன நேரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பழைய அச்சகக்காரர். கழுத்தில் கண்ணாடி, கையில் ஒரு தடித்த புத்தகம், சட்டைப் பையில் 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைகள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அட்டைகளை அதன் மேல் வைத்து நாலு பக்கமும் சுருக்கிப் பார்ப்பார். எதையாவது வெட்டாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்பதால் கழகத்தில் அவர் பெயர் கத்தரி. இன்னொருவர் ஓவிய டீச்சர். மூன்றாமவர்தான் படத்தை எடுத்தவர்: தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வெளுத்த சட்டை, வகிடு எடுத்த தலை, மெல்லிய குரல்.

இன்ஸ்பெக்டர் ஏற்கனவே இவரிடம் கேட்டாகிவிட்டது. இந்தப் பொருட்கள் எல்லாம் இப்படியேதான் கிடந்தனவா என்று கேட்டதற்கு, ஆமாம், அப்படியேதான் கிடந்தன, நான் எதையும் தொடவில்லை என்று சொல்லியிருந்தார். அசல் படம் எங்கே என்றதற்கு, திருத்தியதோடு அழித்துவிட்டேன் என்றிருக்கிறார். கதை அத்தோடு முடிந்தது.

அதனால் நாங்கள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

"எங்க ஆபீஸ் வரவேற்பறைக்கு 'கைவிடப்பட்டவை'யை மாட்டலாம்னு பார்க்கிறோம்" என்று ஆரம்பித்தேன். "மேடத்துக்கு இன்னிக்கு வாய் மரத்திருக்கு, அதனால நான் பேசறேன். மேடத்துக்கு ஒரே ஒரு மனக்குறைதான். படத்துல குறையே இல்லையாம். எடுத்த எடுப்புல இப்படி ஒரு படம் அமையுமான்னு ஆச்சரியப்படறாங்க."

மருந்துக்கடைக்காரர் பணிவாகத் தலை குனிந்தார். கத்தரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எடுத்த எடுப்புலயா! முதல்ல மாட்டினப்ப நீங்க பார்த்திருக்கணும் சார். பார்க்கச் சகிக்கல."

"அப்படியா?"

"வானத்தைக் கேளுங்க" என்றார் டீச்சர். "இப்ப கறுப்பா இருக்கு பாருங்க, அது என் புண்ணியம். இவர் கொண்டு வந்தப்ப சோப்புத் தண்ணி மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. நான்தான் அழுத்துங்க, இன்னும் அழுத்துங்கன்னேன்."

"பெட்டி நட்ட நடுவுல இருந்துச்சு" என்றார் கத்தரி. "பெட்டிக் கடையா நடத்தறோம்? ஓரம் வெட்டிப் பெட்டியைத் தள்ளி நிக்க வெச்சது நான்."

"இடது மூலையில ஒரு வெள்ளைப் பை வேற."

"ஆமா, பை! மறந்தே போச்சு. கண்ணு நேரா அதுலதான் போய் விழும். சோகமா ஒரு படம் எடுத்துட்டு, மூலையில பையிலேருந்து வாழைப்பழம் எட்டிப் பார்த்தா எப்படி சார்?"

"வாழைப்பழமா?" என்றேன்.

"ரெண்டு" என்றார் டீச்சர். "நல்ல பழம். ஒரு புள்ளி கூட கறுக்கல. பையோட சேர்த்து இருட்டுல மூழ்கடிச்சுட்டோம்."

மேடம் என்னைப் பார்த்தார். குறை சொல்கிறவர்களுக்கு இருக்கும் ஞாபகசக்தி சாட்சி சொல்கிறவர்களுக்கு இருக்காது. இதே இரண்டு பேரையும் கூண்டில் ஏற்றி என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால் நாற்காலி, ஃபேன், பெட்டி என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பார்கள். என்ன பிடிக்கவில்லை என்று கேட்டதும் அழிந்துபோன படம் மூலை மூலையாகத் திரும்பி வந்தது.

"ஷூ?" என்றார் மேடம்.

டீச்சர் கத்தரியைப் பார்த்தார்.

"ஷூவில மட்டும் யாரும் கை வெக்கல" என்று கத்தரி மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். "அது பிரமாதம். யாரோ கணக்குப் பார்த்து வெச்ச மாதிரி இருந்துச்சு."

மருந்துக்கடைக்காரர் எழுந்து காலி டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தார். கழுவ வேண்டிய அவசரம் எதுவும் அவற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"ஆனா எல்லாத்தையும் விடப் பெரிய கூத்து வலது ஓரம்தான்" என்றார் கத்தரி. "முதல் தடவை கேமரா பிடிக்கிற பையன் கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். தன் நிழலையே படத்துல விழ விட்டிருந்தாரு நம்ம ஆளு!"

"அட" என்றேன்.

"அதுவும் சும்மா இல்ல. ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு. கொக்கு மாதிரி."

எனக்கு உள்ளங்கால் மறுபடி சுட்டது. மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இவர் என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஆமா, என் நிழல்தான், கவனிக்கலைன்னார். அதுக்கு மேல நாங்க என்ன கேக்கறது? ஒரே வெட்டு." கத்தரி தன் தடித்த புத்தகத்தைத் திறந்தார். பக்கங்களுக்கு நடுவில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைத் துண்டு இருந்தது. "வெட்டினதை நான் தூக்கிப் போடறதில்ல சார். பக்கம் குறிச்சு வெக்க ஆகும். பாருங்க, நீங்களே பாருங்க."

மேடம் அதை வாங்கித் தன்னிடமிருந்த படத்தின் வலது ஓரத்தில் ஒட்டினாற்போல வைத்தார். தரையில் நீண்டு கிடந்தது ஒரு மனித நிழல். ஒரு கால் நேராக. இன்னொரு கால் மடங்கி, முட்டி வெளியே தள்ளி, எண் நாலு போட்ட மாதிரி.

மேடம் விரலால் நாற்காலியின் நிழலைத் தொட்டார். அது இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஃபேனின் நிழலும் இடது பக்கம். பெட்டியுடையதும் அப்படியே. பிறகு என்னைப் பார்த்தார். பேச வேண்டியது நான்.

"சார், எனக்குப் படம் எடுக்கத் தெரியாது" என்றேன் கத்தரியிடம். "வெயில் வலது பக்கத்திலிருந்து அடிக்குது. எடுக்கிறவர் இங்க, நடுவுல நிக்கிறார். அவர் நிழல் அவருக்கு இடது பக்கமா, படத்துக்கு வெளியதானே விழும்? வலது ஓரத்திலிருந்து படத்துக்குள்ள எப்படி வரும்? சுத்திக்கிட்டு வந்துச்சா?"

கத்தரி கண்ணாடியை மாட்டினார். அட்டைகளை எடுத்தார். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"அட ஆமா" என்றார் டீச்சர் மெதுவாக. "நிழலைப் பார்த்ததும் தப்புன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல நாங்க பார்க்கவே இல்ல."

"இவர் ஏன் தன் நிழல்னு ஒத்துக்கிட்டார்?" என்று கத்தரி திரும்பினார்.

டம்ளர்கள் அடுக்கியபடி மேசை மேல் இருந்தன. மருந்துக்கடைக்காரரைக் காணோம். மாடிப்படியில் யாரோ அவசரமில்லாமல் இறங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

*

ஓடிப் போகத் தெரியாதவர். நேராகத் தன் கடைக்குப் போய்க் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை தானாக ஒரு மாத்திரை அட்டையை எடுத்தது.

"வலிக்கு ஒண்ணு போட்டுக்கங்க மேடம்."

"இன்னும் வலிக்கல" என்றார் மேடம்.

நான் நிழல் துண்டைக் கண்ணாடிக் கவுண்டரின் மேல் வைத்தேன்.

"கல்லு மாதிரி நின்னு படம் எடுக்கிறவர் நீங்க. ஒத்தைக் கால்ல ஏன் நிக்கப் போறீங்க? இன்னிக்கு மத்தியானம் அதே இடத்துல நான் வெறுங்கால்ல நின்னேன். இதே மாதிரிதான் ஆடினேன். ஷூ படத்துக்குள்ள இருக்கு, ஷூவுக்குச் சொந்தக்காரர் படத்துக்கு வெளிய நின்னு காலைத் தூக்கிட்டிருக்கார். யார் கழட்டச் சொன்னது?"

அவர் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார்.

"நான்தான்."

"எதுக்கு?"

"நாற்காலியும் ஃபேனும் நிஜமாவே யாரோ போட்டுட்டுப் போனது சார். அவர் அந்த நாற்காலியில உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருந்தார். பெட்டி பக்கத்துல. கொஞ்சம் எழுந்து தள்ளி நிக்கிறீங்களான்னேன். நின்னார். பெட்டி இருக்கட்டும்னேன். சரின்னார். அப்பவும் படம் வெறுமையா இருந்துச்சு. ஒரு நிமிஷம் உங்க ஷூவைக் குடுங்கன்னு கேட்டு வாங்கி நானே வெச்சேன். லேஸைக் கூட நான்தான் உள்ள செருகினேன். அவர் சாக்ஸ் போடல. தார் சுட்டிருக்கும். ஒண்ணும் சொல்லல பாவம்."

"இன்ஸ்பெக்டர்கிட்ட ஏன் தொடலைன்னீங்க?"

"போட்டிப் பிரிவு 'உள்ளது உள்ளபடி' சார். படத்தை எவ்வளவு வேணா வெட்டலாம், கறுப்பாக்கலாம். பொருளைத் தொடக் கூடாது. இன்ஸ்பெக்டர் வந்தப்ப எங்க ஆளுங்க அத்தனை பேரும் பக்கத்துல நிக்கிறாங்க. எப்படிச் சொல்வேன்? அவரும் எதுக்குன்னு சொல்லல. ஏதோ திருட்டுப் பெட்டி விவகாரம்னு நினைச்சேன்."

வெட்டலாமாம், தொடக் கூடாதாம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேடத்தின் கன்னத்து மரப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது போலிருந்தது.

"அந்த ஆளோட சம்சாரம் நாளைக் காலையில ஒரு பிணத்தைத் தன் புருஷன்னு சொல்லிக் கையெழுத்துப் போடப் போறாங்க" என்றேன். "நீங்க வெச்ச ஷூவை நம்பி."

மருந்துக்கடைக்காரர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்தால் நடிப்பு என்று சொல்ல முடியாது.

"பிணமா? யாரோட பிணம்?"

"அதான் சொன்னேனே."

"இல்ல சார். இருக்க முடியாது. முந்தாநாள்தான் அவரோட போன்ல பேசினேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. மேடம் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லுங்க" என்றார்.

"ஷூவைத் திருப்பிக் குடுத்தேன், மாட்டிக்கிட்டார். பையை எடுத்து எனக்கும் ஒரு பழம் குடுத்தார். எங்க போறீங்கன்னு கேட்டேன். 'லிஃப்டே இல்லாத ஊருக்கு'ன்னார். தமாஷ்னு நினைச்சு நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. பஸ் வந்துச்சு. படம் நல்லா வந்தா ஒரு காப்பி அனுப்பறேன்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, போய்ச் சேர்ற இடத்துலேருந்து கடை போனுக்குக் கூப்பிட்டு விலாசம் சொல்றேன்னார். சொன்ன மாதிரியே சொன்னார். பரிசு வந்ததும் அனுப்பி வெச்சேன். முந்தாநாள் கூப்பிட்டு, படம் வந்துச்சு, சுவத்துல மாட்டியிருக்கேன்னார்."

"வேற?"

"வேற..." அவர் கவுண்டரின் மேல் கிடந்த துண்டைப் பார்த்தார். "'எல்லாம் நல்லாருக்கு. என் நிழலை மட்டும் வெட்டிட்டீங்களே'ன்னார்."

விலாசத்தை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கழகத்தில் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டார். அதை நீங்களே சொல்லுங்கள், குறை நாளில் உங்களுக்கு ஒரு பதில் உண்டே என்றேன். இன்ஸ்பெக்டரிடம் நாளைக்குத் தானே போய்ச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். மாத்திரைக்குக் காசு வாங்க மறுத்தார். மேடம் மாத்திரையே வாங்கவில்லை.

*

சலவைக் கடையில் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே நீராவி வாசனை. உறை போட்ட உடுப்புகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. அந்த அம்மாள் மேசையில் ஒரு ஆண் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வெளிர் நிறம், முழுக்கை. வேறு யாருடையதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் மட்டும் வாடிக்கையாளர் நம்பர் துண்டு இல்லை. கணவருடையதை நாளைக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். மேடம் எனக்கு வேலை வைக்கவில்லை.

"இருக்கார்" என்றார்.

அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். துணி கருகிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை கைக்கு இருந்தது.

"நல்லா இருக்காரா?"

"இருக்கார் போல."

"சரி" என்றார்.

பாலத்தில் நடந்ததை நான் சொன்னேன். நாற்காலி, ஷூ, பஸ், வாழைப்பழம், போன், ஒன்றையும் விடவில்லை. அவர் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஷூவைத் திரும்பப் போட்டுக்கிட்டுத்தானே பஸ் ஏறினார்?"

"ஆமாங்க."

"அது கடிக்கும். கடிக்குதுன்னு சொல்ல மாட்டார்."

மேடம் படத்தையும் துண்டையும் இஸ்திரி மேசையின் மேல் வைத்தார். அந்த அம்மாள் துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு படத்தின் வலது ஓரத்தில் அதைப் பொருத்தி, மடிப்புக் கலையாமல் துணி மடிக்கிறவரின் நிதானத்தோடு விரலால் நீவிச் சரிசெய்தார். இரண்டும் சேர்ந்த கோடு கண்ணுக்குத் தெரியவில்லை.

"இவர்தான். மொட்டை மாடியில துணி காயப்போட வர்றப்பல்லாம் இப்படித்தான் நிப்பார். செருப்பு மாட்டிக்கிட்டு வாங்கன்னா கேக்கவே மாட்டார்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்பத்தான் படம் சரியா இருக்கு. ஏன் வெட்டினாங்க?"

"தப்புன்னு நினைச்சுட்டாங்க" என்றேன்.

"எங்களுக்குள்ள சண்டையே கிடையாது தம்பி. ஒரு நாள் கூட. நேத்து வரைக்கும் அதை எல்லார்கிட்டயும் பெருமையாத்தான் சொல்லிட்டிருந்தேன்."

மருந்துச் சீட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. மேசையிலேயே இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். செத்துப்போனவராக இருந்தால் நாளைக்கு என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உயிரோடு இருப்பவரை என்ன செய்வதென்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. எனக்கு அவர் அழுதால் தேவலை என்றிருந்தது. அவர் சட்டையைப் புரட்டிப் போட்டு முதுகுப் பக்கத்தை இஸ்திரி போட ஆரம்பித்தார்.

"இனிமே அது எதுக்குங்க?" என்று கேட்டேன். வாயை அடக்க எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

"நாளைக்குப் போகணும்ல."

"கையெழுத்துப் போட வேண்டாம். உங்க வீட்டுக்காரர் இல்லைன்னு ஆயிடுச்சே."

"தெரியும். போய் அதைச் சொல்லணும்ல." இஸ்திரிப் பெட்டி சீராகப் போய் வந்தது. "நான் இல்லைன்னு சொல்லிட்டா அங்க இருக்கிற ஆளுக்குன்னு யாரு துணி எடுத்துக்கிட்டு வருவாங்க? இன்ஸ்பெக்டர் சொன்ன நாளிலேருந்து அவரை என் வீட்டுக்காரர்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சும்மா எப்படி விட்டுட்டு வர்றது? இதைப் போடச் சொல்றேன்."

"அளவு சரியா இருக்குமோ என்னவோ."

"கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன? அவர் ஒண்ணும் எழுந்து நடந்து போயிடப் போறதில்ல."

நான் சிரித்துவிட்டேன். உடனே நிறுத்தினேன். அவர் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் சொன்னது சிரிக்கிற விஷயம் என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பித்தான்களைப் போட்டார். காலரை நிமிர்த்தினார். சட்டையை உறைக்குள் நுழைத்து, பட்டை நாடாவை எடுத்து இரட்டை முடிச்சுப் போட்டார்.

மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். இடது கன்னம் துடித்தது.

"என்ன மேடம், பல்லா? மரப்பு ஊசி விட்டுடுச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இப்பத்தான்."

"ரொம்ப வலிக்குதா?"

மேடம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு இன்னும் ஆரம்பிக்கல" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். மேசையில் விலாசச் சீட்டு அப்படியே கிடந்தது. நிழல் துண்டை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீதி ஷட்டரையும் இறக்குவதற்காக, நாங்கள் வெளியே போக வழி விட்டார்.